அம்பயர் யார் வீட்டு ஆள்?

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் சாலையில் குதிரை ஓடிய காலம் மலையேறிவிட்டது. 1843-இல் முதல் பந்தயம் கண்ட திடல் அது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. சாலைக்குப் பெயர் மட்டும் மிச்சம். ஆனால் ஐபிஎல் பருவத்து ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இந்தியாவில் மூன்றரைக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே ஆறு மணி ஆட்டம். வாழையிலைக் கடையின் சுவர்த் தொலைக்காட்சியில் பந்து பேட்டைத் தாண்டி எங்கோ போகிறது. அம்பயர் அசையாமல் நிற்கிறார். மீன்தலைக் கறியில் கை வைத்தவர்கள் அத்தனை பேரும் கையை விரித்து வைடு கொடுக்கிறார்கள். மேசை துடைக்க வந்த தம்பியும் துணியும் கையுமாக ஒரு வைடு காட்டிவிட்டுத்தான் அடுத்த மேசைக்கு நகர்கிறார்.

"காசு வாங்கிட்டான்ணே" என்கிறது ஒரு குரல். யாரிடம் வாங்கினார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தத் தேக்கா வட்டாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இந்தக் குற்றச்சாட்டுக்கு நீண்ட வரலாறு கிடக்கிறது. ஒரு நாளை ஒதுக்கி, பாதி ரயிலிலும் பாதி கால்நடையாகவும் சுற்றினால், சிங்கப்பூரின் திடல்கள் ஒவ்வொன்றும் ஒரே கேள்வியை வெவ்வேறு குரலில் கேட்கும்: அம்பயர் யார் வீட்டு ஆள்?

முதல் திடல் பக்கத்திலேயே இருக்கிறது. 1942 பிப்ரவரி 17 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த இரண்டு நாளில், பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் ஃபேரர் பார்க்கில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள். ஜப்பானியர் பிரித்துக் கேட்டார்கள். பிரிட்டிஷார் பிரித்துக் கொடுத்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் ஒரு பக்கம் போக, இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். தோற்றாலும் அணியோடு நிற்பதே ஆட்ட தர்மம் என்று காலனி முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கிரிக்கெட்டை வைத்துப் பாடம் நடத்தியவர்கள்தான் அந்தப் பிரிட்டிஷார். மறுநாளிலிருந்து யாருக்கு யார் அணி என்ற கணக்கே மாறிப்போனது. அடுத்த ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது பாடாங்கில். கிரிக்கெட்டைத் தேடி வருகிறவரும் அடுத்ததாக அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

வடகிழக்குத் தடத்தில் ஏறி, டோபி காட்டில் மாறி, நகர மண்டப நிலையத்தில் இறங்கினால் எதிரே பாடாங். நகரத்தின் ஆக விலையுயர்ந்த நிலத்தின் நடுவே, எதுவும் கட்டாமல் விடப்பட்ட பெரிய புல்வெளி. 2022-இல் அதற்கே தேசிய நினைவுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. ஒரு முனையில் சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், பிறந்தது 1852. எதிர் முனையில் சிங்கப்பூர் ரிக்ரியேஷன் கிளப், பிறந்தது 1883. ஒரே புல்லுக்கு இரண்டு கிளப் எதற்கு? முதலாவது அன்று வெள்ளைக்காரர்களுடையது, அதில் உறுப்பினராக முடியாத யூரேசியர்கள் எதிரே தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார்கள். இலங்கையர், இந்தியர், சீக்கியர் என்று மற்றவர்களும் பிற்பாடு ஆளுக்கொரு கிளப்பும் திடலும் தேடிக்கொண்டார்கள்.

"கனவான்களின் ஆட்டம்" என்ற பட்டம் இந்த மாதிரி கிளப் வராந்தாக்களில்தான் வளர்ந்தது. யார் கனவான், எது கனவான்தனம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் வராந்தாக்காரர்களிடமே இருந்தது. 1947 டிசம்பரில் சிட்னியில் இந்தியாவின் வினு மன்கட், பந்து போடும் முன்பே கோட்டை விட்டு நழுவிய பில் பிரௌனை ரன் அவுட் செய்தார். ஆஸ்திரேலிய கேப்டன் பிராட்மனே அதில் தப்பில்லை என்று எழுதினார். ஆனாலும் நழுவியவர் பெயரை உலகம் மறந்துவிட்டது. பிடித்தவர் பெயர் மட்டும் எழுபது ஆண்டுக்கு மேல் ஒரு வசைச் சொல்லாக ஓடியது. நம்மூர் அஸ்வினுக்கும் அதே கதை. 2012-இல் பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேயை அப்படி அவுட் செய்து கேட்டார். கேப்டன் சேவாக் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் ஜாஸ் பட்லரை வெளியேற்றியபோது கேப்டனும் அஸ்வினே, ஆகவே திரும்பப் பெற ஆளில்லை. இங்கிலாந்தில் பலருக்கு அன்று மனம் புண்பட்டது. 2022 அக்டோபரில் விதிப் புத்தகம் அந்த ஆட்டமிழப்பை "நியாயமற்ற ஆட்டம்" என்ற அத்தியாயத்திலிருந்து எடுத்து "ரன் அவுட்" அத்தியாயத்தில் வைத்தது. திருடியவனை விட்டுவிட்டுப் பிடித்தவனைத் திட்டும் வழக்கம் சட்டப்படி முடிந்தது; வர்ணனையாளர் அறையில் இன்னும் முடியவில்லை.

பாடாங்கின் மகத்தான கிரிக்கெட் வாரம் 1996 ஏப்ரலில் வந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சிங்கர் கோப்பைக்காக இங்கே கூடின. மூவருக்கும் ஊர் பொது. யாருக்கும் சொந்த மண் இல்லை. தொண்ணூறுகளில் ஷார்ஜா, சிங்கப்பூர், டொராண்டோ என்று மூன்றாம் ஊர் தேடிப் போனதற்குப் பணம் ஒரு காரணம். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் வீட்டில் ஒன்று அபூர்வமாகவே ஆட முடிந்த நிலை இன்னொரு காரணம். வீட்டு மைதானத்தின் லட்சணத்தையோ மூன்று வாரத்துக்கு முன்புதான் உலகம் பார்த்திருந்தது. மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரையிறுதி. இந்திய விக்கெட்டுகள் மளமளவென்று சரிய, பார்வையாளர்கள் பாட்டில் வீசினார்கள், இருக்கைக்குத் தீ வைத்தார்கள். ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் வெற்றியை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறிய படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அப்படி வந்த இலங்கை பாடாங்கில் என்ன செய்தது? சனத் ஜெயசூர்யா பாகிஸ்தானுக்கு எதிராக 48 பந்தில் சதம் அடித்தார். மொத்தம் 65 பந்தில் 134, அதில் சிக்ஸர் மட்டும் பதினொன்று. இறுதி ஆட்டத்தில் 17 பந்தில் அரைச் சதம். முதல் விக்கெட் விழுந்தபோது இலங்கை 70; ஆட்டமிழந்த கலுவிதாரணவின் கணக்கில் பூஜ்யம். மறுமுனையில் நின்று வேடிக்கை பார்த்ததற்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம். அத்தனை அடித்தும் கோப்பை பாகிஸ்தானுக்குத்தான் போனது: 215-ஐத் துரத்திய இலங்கை 172-க்குச் சுருண்டது. தோற்றவர்கள் அம்பயரைக் குறை சொல்ல இடமில்லாத தோல்வி. கிரிக்கெட்டில் அது ஆக அபூர்வமான வகை.

பாடாங்கிலிருந்து காலாங் கூப்பிடு தூரம். 1999 செப்டம்பரில் இந்தியா, வெஸ்ட் இண்டீஸ், ஜிம்பாப்வே இங்கே ஆடின. டிராவிட் சதமடித்தும் இறுதி ஆட்டம் ரிக்கார்டோ பவலின் 93 பந்து 124-இல் அடித்துக்கொண்டு போயிற்று. ஆனால் காலாங்கின் உண்மையான தெய்வம் கால்பந்து. பழைய தேசிய அரங்கில் மலேசியக் கோப்பை நடந்த காலத்தில் நடுவரைப் பார்த்து ஊரே கத்திய இரண்டு சொற்கள் இன்றைக்கும் தாத்தாக்களின் வாயில் இருக்கின்றன. "ரெஃப்ரி காயு!" என்றால் நடுவர் மரக்கட்டை. "கேலோங்" என்றால் காசு கைமாறிவிட்டது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் ஒரே சுருதியில் கத்துவார்கள். தேசிய ஒற்றுமைக்கு நடுவர்கள் ஆற்றிய தொண்டு சாமானியமானதல்ல.

கேலோங் வெறும் வசவும் இல்லை. 2013 ஏப்ரலில் டாம்பனிஸ் ரோவர்ஸ், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிகள் மோதும் ஏஎஃப்சி கோப்பை ஆட்டத்துக்காக லெபனானிலிருந்து ஒரு நடுவரும் இரண்டு துணை நடுவர்களும் வந்திருந்தார்கள். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு மூவரும் அவசரமாக மாற்றப்பட்டார்கள். ஆட்டத்தை வளைப்பதற்கு லஞ்சமாகப் பெண்களை ஏற்றுக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு, மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஜூன் மாதம் நடுவருக்கு ஆறு மாதமும் துணை நடுவர்களுக்கு மூன்று மாதமும் சிறை. ஏற்பாடு செய்த சிங்கப்பூர் வியாபாரிக்கும் அடுத்த ஆண்டு சிறை கிடைத்தது.

லஞ்சம் வாங்கிய நடுவரைப் பிடிக்க இந்த ஊரில் துறை உண்டு, சட்டம் உண்டு. பாசம் வைத்த நடுவரை எந்தத் துறை பிடிக்கும்?

அந்தக் கேள்வியோடு பாலஸ்டியர் சாலைக்கு வர வேண்டும். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலையும் தாண்டிப் போய்த் திரும்பினால் இந்தியன் அசோசியேஷனும் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் அக்கம்பக்கம். டெசன்சன் சாலையில் சீக்கியர்களின் கால்சா சங்கம். பாடாங்கில் இடம் கிடைக்காதவர்களின் கிரிக்கெட் பேட்டை இது. இந்தியன் அசோசியேஷன் திடலில்தான் 2019 செப்டம்பரில் சிங்கப்பூர் டி20 ஆட்டத்தில் ஜிம்பாப்வேயை 4 ரன்னில் வீழ்த்தியது. டெஸ்ட் தகுதி பெற்ற நாட்டை இந்தக் குட்டித் தீவு சாய்த்தது அதுவே முதல் தடவை. அன்றைய அணியில் இருந்த டிம் டேவிட் பிறந்தது சிங்கப்பூரில், 1996 மார்ச் 16 அன்று. மறுநாள் இலங்கை உலகக் கோப்பையை வென்றது, ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து. வளர்ந்து அவர் ஆடப் போனது அதே ஆஸ்திரேலியாவுக்கு.

சிலோன் கிளப் வாசலில் நின்றுகொண்டு முத்தையா முரளிதரனை நினைக்காமல் இருக்க முடியாது. 1995 டிசம்பர் 26, மெல்பர்ன். டாரல் ஹேர் என்ற ஆஸ்திரேலிய அம்பயர், கை வளைகிறது என்று சொல்லி மூன்று ஓவருக்குள் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். கேப்டன் ரணதுங்க முரளியை எதிர் முனைக்கு மாற்றினார். அங்கே நின்றவர் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன். அதே நாள், அதே கை, அதே பந்து. பன்னிரண்டு ஓவர் வீசினார், ஒரு நோ-பாலும் இல்லை. பிட்ச்சின் ஒரு கோடியில் குற்றவாளி, மறு கோடியில் நிரபராதி. நடுவே 22 கஜம்.

1999 ஜனவரி 23, அடிலெய்ட். இந்த முறை ராஸ் எமர்சன். மறுபடி நோ-பால் கேட்டதும் ரணதுங்க விரலை நீட்டி அம்பயரிடம் வாதாடி, அணியை எல்லைக் கோடு வரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் நின்றது, தொலைபேசிகள் பறந்தன, பிறகு தொடர்ந்தது. 303 இலக்கை இலங்கை ஒரே விக்கெட் மிச்சமிருக்கத் தொட்டது. இடையில் இங்கிலாந்தின் டேரன் காஃப் ரோஷன் மகாநாமவைத் தலையால் முட்டுவதுபோல் பாவனை காட்டியதும் நடந்தது. மன அழுத்தம் என்று தன் வழக்கமான வேலையிலிருந்து எமர்சன் விடுப்பு எடுத்திருந்தார் என்பது பிற்பாடு வெளியே வந்த செய்தி. அலுவலகத்தில் தாங்காத அழுத்தத்தை இறக்கி வைக்க அவருக்கு ஒரு முழங்கை கிடைத்திருக்கிறது.

வீட்டு மைதானம் நியாயமாக நடந்துகொண்டதற்குச் சாட்சியாக, அதே மாதக் கடைசியில் சென்னையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. சேப்பாக்கம் ஒரு நிமிடம் உறைந்துபோய், பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டு அம்பயர் நோய் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை. 1980-இல் நியூசிலாந்தின் டனீடனில், கேட்ச் கேட்டுக் கிடைக்காத வெஸ்ட் இண்டீஸின் மைக்கேல் ஹோல்டிங் ஸ்டம்பைக் காலால் உதைத்துப் பறக்கவிட்டார். 1987 டிசம்பரில் பைசலாபாத்தில் பாகிஸ்தான் அம்பயர் ஷகூர் ராணாவும் இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங்கும் விரலுக்கு விரல் நீட்டிக்கொண்டதில் ஒரு நாள் ஆட்டமே போயிற்று. கேட்டிங் ஒரு துண்டுச் சீட்டில் மன்னிப்பு எழுதிக் கொடுத்த பிறகுதான் ராணா மைதானத்துக்கு வந்தார். அவமானப்பட்டதற்கு ஆறுதலாக இங்கிலாந்து வாரியம் வீரர்களுக்குத் தலைக்கு ஆயிரம் பவுண்டு போனஸ் கொடுத்தது. மன்னிப்புக் கேட்டதற்கு ஊக்கத்தொகை கிடைத்த சம்பவம் விளையாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கு மருந்து கண்டதும் பாகிஸ்தான் கேப்டன் ஒருவர்தான். எங்கள் அம்பயர்களால்தான் ஜெயிக்கிறோம் என்ற பேச்சு இம்ரான் கானுக்குச் சலித்துப்போனது. 1986 நவம்பரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான லாகூர் டெஸ்டுக்கு வி.கே. ராமசாமி, பீலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்தியர்கள் அம்பயர்களாக வரவழைக்கப்பட்டார்கள். பாகிஸ்தான் மண்ணில், பாகிஸ்தான் ஆட்டத்துக்கு, இந்திய அம்பயர்கள்! பாகிஸ்தான் இரண்டாம் இன்னிங்ஸில் 77-க்கு உருண்டு இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. இம்ரான் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. 1994-இல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவர், 2002-இல் இருவருமே பொது ஆள் என்று உலகம் மெல்ல வழிக்கு வந்தது. 57 டெஸ்ட் ஆடிய சென்னை வெங்கட்ராகவன் 73 டெஸ்டில் அம்பயராக நின்று ஊர் ஊராகச் சுற்றியது இந்த மாற்றத்தின் காலத்தில்தான்.

பொது ஆள் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2008 ஜனவரியில் ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் மோதிய சிட்னி டெஸ்டில் ஜமைக்காவின் பக்னர், இங்கிலாந்தின் பென்சன் என்று இருவரும் பொது ஆட்களே. 30-இல் பின்னால் கேட்ச் கொடுத்த சைமண்ட்ஸ் தப்பித்து 162 எடுத்தார். கங்குலியின் கேட்ச் தரையில் பட்டதா என்ற சந்தேகம் வந்தபோது பென்சன் ஆஸ்திரேலிய கேப்டன் பாண்டிங்கைக் கேட்டார். பாண்டிங் விரலை உயர்த்தினார். அம்பயரும் விரலை உயர்த்தினார். வாதியையே தீர்ப்பெழுதச் சொல்லிக் கையெழுத்து மட்டும் நீதிபதி போட்ட கதை.

இத்தனையும் பார்த்த பிறகு ஞாயிறு மாலை மேற்குக் கோடிக்குப் போவது நல்லது. பெஞ்சுரு, துவாஸ் பக்கம் கப்பல் பட்டறைக்கும் தங்குவிடுதிக்கும் இடையே கிடைக்கும் திடல்களில் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பையன்கள் ஆடுகிறார்கள்; பக்கத்துத் திடலில் வங்காளதேசத்துக்காரர்கள். டென்னிஸ் பந்தில் மின்கம்பி நாடா சுற்றியிருக்கிறது. எல்பிடபிள்யூ கிடையாது, அதைத் தீர்த்துவைக்க ஒரு ஞாயிறு போதாது. அம்பயர் பேட்டிங் அணி ஆள். ஓவருக்கு ஆறு கல் பையில் வைத்திருக்கிறார். பந்துக்கு ஒன்றாக மறு பைக்கு மாற்ற வேண்டும். தன் அணி அடித்துக்கொண்டிருந்தால் ஐந்தாவது கல்லுக்குப் பிறகு பைக்குள் ஏதோ குழப்பம் வருகிறது.

டெஸ்ட் கிரிக்கெட் நூறு ஆண்டுக்கு மேல் வெள்ளைக் கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்ததை இங்கே முதல் பந்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்: அம்பயர் அவங்க ஆளு. பார்த்துப் பந்து போடு.

அன்றைய ஆட்டத்தில் லெக் பக்கம் போன ஒரு பந்தை அம்பயர் வைடு என்றதும் பந்து போட்ட நெட்டைப் பையன் தொப்பியைத் தரையில் அடித்தான்.

"அண்ணே, பேட்டு உரசிட்டுப் போச்சுண்ணே! மனசாட்சியே இல்லையா?"

"சத்தம் வரலப்பா."

"இந்த வெல்டிங் சத்தத்துல உங்களுக்கு என்ன கேக்கும்?"

"கேக்கலைன்னா வைடு. போய்ப் போடு தம்பி."

"போங்கு ஆட்டம்ணே இது" என்று முனகிக்கொண்டே நெட்டையன் மீதி இரண்டு பந்தையும் போட்டு முடித்தான். பேட்டிங் அணி 61. அடுத்து இவன் அணி பேட்டிங். இவன் கடைசி ஆள், ஆகவே கல் ஆறும் இவன் கைக்கு வந்தன. முதல் பந்து நடு ஸ்டம்புக்கு நேரே வந்து, அடிக்கப் போனவனின் பேட்டுக்கும் காலுக்கும் நடுவே புகுந்து, ஸ்டம்பாக வைத்திருந்த பெயின்ட் டின்னில் டங்கென்று மோதியது. எதிரணி கையைத் தூக்கிக் குதித்தது. நெட்டையன் நிதானமாக வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினான்.

"நோ-பால்."